பிரித்துப் பார்ப்போம்: பித்தளை இருக்கும், ரப்பர்தான் போகும்

கல்யாணச் சீராக வந்த பிரஷர் குக்கர் இன்னமும் அடுப்பேறும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. இருபது, முப்பது வருஷம் ஆகியிருக்கும். கைப்பிடி மாறியிருக்கும், வெயிட் மாறியிருக்கும். கேஸ்கட் எத்தனை முறை மாறியது என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்காது. விசில் வராமல் ஓரத்தில் ஆவி சீறினால் 'குக்கர் போச்சு' என்று நாம் சொல்வதில்லை. 'கேஸ்கட் போச்சு' என்கிறோம். பழைய கேஸ்கட்டையே அளவுக்குக் கையில் எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போகிறோம்.

இந்த வாரம் நாம் பிரிக்கப்போகும் பொருளும் அதே ரகம்தான். பித்தளை உடம்பு, உள்ளே சில ரப்பர் வளையங்கள், ஒரு ஸ்பிரிங். ஐம்பது வருஷம் பழசானாலும் புதுசு போல ஆக்கிவிடலாம். ஒரே ஒரு வித்தியாசம். குக்கரில் கேஸ்கட் போனால் சாதம் வேகாது. இதில் போனால், கடலுக்கு அடியில் இருக்கும் ஒருவருக்கு மூச்சுக்குச் சிக்கல்.

ஸ்கூபா டைவிங்கில் வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுவார்களே, அந்த ரெகுலேட்டரைத்தான் சொல்கிறேன். அந்தமானிலோ புதுச்சேரியிலோ சுற்றுலா போனபோது ஒருமுறை கடித்துப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1960, 70-களில் செய்த ரெகுலேட்டர்களைத் தேடிப் பிடித்து, புது ரப்பர் போட்டு, மறுபடி கடலுக்குக் கொண்டுபோகிற பிரியர்கள் இருக்கிறார்கள். அப்பா விட்டுப்போன பெட்டியில் கிடைத்தது என்று எடுத்து வருகிறவர்கள் உண்டு. பழைய சாமான் சந்தையில் சல்லிசாக வாங்கியவர்களும் உண்டு. எல்லோருக்கும் இருப்பது ஒரே கேள்வி: இதை நம்பி மறுபடியும் மூச்சு விடலாமா?

இருநூறிலிருந்து ஒன்றுக்கு

முதலில், இது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

டைவர் முதுகில் இருக்கும் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று அதிகம். அதாவது டயரைப் போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. அதை நேராக வாயில் விட்டால் நுரையீரல் தாங்காது. கேஸ் சிலிண்டர் தலையில் மாட்டுகிறோமே ஒரு ரெகுலேட்டர், அது எப்படி உள்ளேயிருக்கும் அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு அளவாக அனுப்புகிறதோ, அதே வேலைதான் இதற்கும்.

ஆனால் அடுப்பு ஒரே இடத்தில் நிற்கிறது, டைவர் நிற்பதில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் தண்ணீரின் அழுத்தம் 1 பார் கூடும். மேலே 1 பார், 10 மீட்டரில் 2 பார், 30 மீட்டரில் 4 பார். எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று வந்தால்தான் நெஞ்சை விரித்து மூச்சை இழுக்க முடியும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதுவும் அவர் இழுக்கும்போது மட்டும் வரவேண்டும், நிறுத்தினால் நிற்கவேண்டும்.

இதை ரெகுலேட்டர் இரண்டு தவணையாகச் செய்கிறது. சிலிண்டர் தலையில் மாட்டும் பித்தளைக் கட்டைக்கு முதல் கட்டம் என்று பெயர். அது 200 பாரை, சுற்றியுள்ள தண்ணீர் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9 அல்லது 10 பார் கூடுதலாக இருக்கும்படி குறைத்து ஒரு ஹோஸில் விடுகிறது. ஹோஸின் மறுமுனையில், வாயில் கடிக்கும் பகுதி இரண்டாம் கட்டம். அது மிச்சத்தையும் குறைத்து, இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது.

காருக்கு வந்தது, கடலுக்குப் போனது

இந்தக் கருவி பிறந்த கதை போர்க்காலத்துக் கதை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். எஞ்சின் கேட்கும்போது மட்டும், கேட்கும் அளவுக்கு வாயுவைக் கொடுக்கும் ஒரு வால்வை, ஏர் லிக்கீட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எமில் கேனியன் வடிவமைத்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ நீருக்கடியில் மூச்சு விட ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். எஞ்சின் கேட்டால் கொடுக்கும் வால்வு, மனிதன் கேட்டாலும் கொடுக்கும் அல்லவா? 1943-ல் இருவரும் சேர்ந்து அதை டைவிங் கருவியாக மாற்றினார்கள்.

பாரிஸுக்கு அருகே மார்ன் நதியில் முதலில் பரிசோதித்தபோது விசித்திரமான ஒரு கோளாறு. படுத்த நிலையில் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகப் பீறிட்டு வீணானது. தலைகீழாகப் போனால் இழுப்பதே சிரமமாக இருந்தது. காரணத்தைக் கேனியன் கண்டுபிடித்தார். காற்று உள்ளே வரும் இடமும் மூச்சு வெளியேறும் இடமும் வேறுவேறு உயரத்தில் இருந்ததால், தண்ணீரின் அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றாக இல்லை. வெளியேறும் வழியையும் ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தவுடன் கோளாறு தீர்ந்தது. பழைய படங்களில் டைவர் தலைக்கு இருபுறமும் யானைத் துதிக்கை போல இரண்டு குழாய்கள் தெரியுமே, அதன் காரணம் இதுதான். ஒன்றில் காற்று வருகிறது, இன்னொன்றில் விட்ட மூச்சு முதுகுக்குத் திரும்பிப் போகிறது.

1952-ல் ஆஸ்திரேலியாவின் டெட் எல்ட்ரெட் 'போர்பஸ்' என்ற ஒற்றைக்குழாய் ரெகுலேட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அழுத்தம் குறைக்கும் இரண்டாவது வேலையை வாயருகே நகர்த்திவிட்டால் ஒரே குழாய் போதும் என்பது அவர் யோசனை. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது அந்த அமைப்புதான்.

அந்த வரிசையில் 1970-ல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கொண்டுவந்த 'மார்க் 5' பிரியர்கள் மத்தியில் ஒரு செல்லப்பிள்ளை. நாம் பிரிக்கப்போவது இதைத்தான். இதோடு ஜோடியாக வாயில் கடிக்கும் பகுதியாகப் பலர் வைத்திருப்பது, பக்கவாட்டில் ஒரு திருகு கொண்ட '109'. இரண்டுமே குரோம் முலாம் பூசிய பித்தளை.

உள்ளே என்ன நடக்கிறது?

மார்க் 5-க்குள் அசையும் முக்கிய உறுப்பு ஒன்றே ஒன்று. பெரிய தலையும் ஒல்லியான காலும் கொண்ட பிஸ்டன். காய் நடுவில் ஓட்டை போட்ட ஆணி மாதிரி இருக்கும். காலின் நுனி கத்தி விளிம்பு போலக் கூராக இருக்கும். அதற்கு எதிரே 'சீட்' என்று சொல்லும் சின்ன பிளாஸ்டிக் வட்டம்.

சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் பிஸ்டனைச் சீட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கும். சிலிண்டரைத் திறந்தால், காற்று பிஸ்டன் காலின் ஓட்டை வழியாக ஓடித் தலைக்கு மேலே உள்ள அறையில் சேரும். அங்கே அழுத்தம் ஒன்பது, ஒன்பதரை பார் ஆனதும் அது ஸ்பிரிங்கை வென்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். கூர்விளிம்பு சீட்டில் போய் உட்காரும். காற்று நிற்கும். டைவர் ஒரு மூச்சு இழுத்தால் மேலறையில் அழுத்தம் குறையும், ஸ்பிரிங் மறுபடி தள்ளும், காற்று வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தத் திறப்பும் மூடலும் நடக்கின்றன.

ஸ்பிரிங் இருக்கும் அறையில் சில துளைகள் உண்டு. அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே வந்து, ஸ்பிரிங்கோடு சேர்ந்து தானும் பிஸ்டனைத் தள்ளும். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் தள்ளும் பலமும் கூடும். அதற்கேற்பக் காற்றின் அழுத்தமும் தானாகக் கூடும். பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை. கடலே திருகைத் திருகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரப்பருக்கு வருவோம். பிஸ்டன் காலைச் சுற்றி ஒரு சின்ன ஓ-ரிங், தலையைச் சுற்றி ஒரு பெரிய ஓ-ரிங். காலில் இருக்கும் அந்தச் சின்ன வளையத்துக்கு ஒரு பக்கம் 200 பார் காற்று, மறுபக்கம் கடல். நம் மோதிர விரலில்கூட ஏறாத வளையம் அது.

இந்த ஓ-ரிங்குக்கு நவீன வடிவம் கொடுத்தவர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1937-ல் விண்ணப்பித்து 1939-ல் காப்புரிமை பெற்றபோது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். பள்ளத்துக்குள் சற்றே நசுங்கி உட்கார்ந்திருக்கும் வளையத்தை, அழுத்தம் வந்து இடைவெளியை நோக்கித் தள்ளும். தள்ளத் தள்ள அடைப்பு இறுகும். ரப்பருக்கு மீள்தன்மை இருக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்கு, குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங்தான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது நினைவிருக்கலாம்.

ரெகுலேட்டரின் ரப்பர் வயதால் விறைக்கிறது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் விறைக்கும். 'அப்பா இதைப் பத்துத் தடவைகூட உபயோகிக்கவில்லை, அப்படியே புதுசு' என்று சொல்லிக் கொண்டுவரும் ரெகுலேட்டரில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். குரோம் பளபளவென்று இருக்கும். உள்ளே வளையம் தட்டையாகிப் போயிருக்கும்.

பிரிக்கலாமா?

முதலில் சிலிண்டரிலிருந்து காற்று உள்ளே நுழையும் வாயிலைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு சின்ன உலோக வடிகட்டி இருக்கும். அதன் நிறமே பழைய கதையைச் சொல்லும். பச்சையாக இருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது, பித்தளை களிம்பேறியிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் யாரோ துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் மாட்டியிருக்கிறார்கள்.

பிரிப்பதில் அவசரம் கூடாது. பல வருஷ உப்பு, மரைகளைச் சிமென்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். முரட்டு ஸ்பேனரைப் போட்டு வளைத்தால் பித்தளை கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பொறுமையாக, மாடலுக்குப் பொருந்தும் கருவியால்தான் திருப்பவேண்டும்.

ஓ-ரிங்கைப் பள்ளத்திலிருந்து எடுப்பதற்கு ஊசியோ குண்டூசியோ ஆகாது. இரும்பு முனை பித்தளைப் பள்ளத்தில் மயிரிழை அளவு கீறல் போட்டாலும், புது வளையம் போட்ட பிறகும் அந்தக் கீறல் வழியாகக் காற்று கசியும். பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கொக்கிதான் சரி. பழைய வளையத்தைக் கெடுத்தாலும் பரவாயில்லை, பள்ளத்தைக் கெடுக்கக்கூடாது என்பது பட்டறைப் பால பாடம்.

அடுத்தது சுத்தம். பித்தளைக் குத்துவிளக்கை நம் வீடுகளில் எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. அதில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அங்கே புளிக்குப் பதில் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர். அதில் கொஞ்ச நேரம் போட்டு, சிலர் அல்ட்ராசோனிக் தொட்டியில் அதிரவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுகிறார்கள். தேய்ப்பது இல்லை. அமிலத்தில் ரொம்ப நேரம் விட்டுவிட்டால் முலாம் உரியும். நம்மூர் வழக்கப்படி புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்தால் பள்ளங்கள் முழுக்கக் கீறல்தான் மிஞ்சும்.

பிறகு பூதக்கண்ணாடி. பிஸ்டனின் கூர்விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பல் இருந்தாலே போதும், எவ்வளவு புது சீட் போட்டாலும் அது மூடாது. இந்த இடத்தில்தான் பல பழைய ரெகுலேட்டர்களின் தலைவிதி முடிவாகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் புது உறுப்புகள். ஓ-ரிங்குகள், முதல் கட்டத்துக்குப் புது சீட், புது வடிகட்டி. இரண்டாம் கட்டத்துக்கு இன்னொரு ரப்பர் சீட், டயாஃப்ரம் என்கிற வட்டமான சவ்வு, விட்ட மூச்சு வெளியேறும் காளான் வடிவ வால்வு, வாயில் கடிக்கும் ரப்பர். ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ், உலோக முனையில் சேருமிடத்தில் வெடித்திருக்கும்.

வளையத்துக்கு மெல்லிசாக ஒரு பூச்சு கிரீஸ். சாதாரணக் காற்றுக்கு சிலிக்கோன் கிரீஸ் போதும். ஆக்ஸிஜன் அளவைக் கூட்டிய காற்றை உபயோகிக்கும் டைவர்கள், அதற்கென்றே வரும் கிரீஸைத்தான் போடவேண்டும். தையல் மெஷின் எண்ணெய், வாசலின், தேங்காய் எண்ணெய் எதுவும் கிட்டே வரக்கூடாது. அதிக ஆக்ஸிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சந்தித்தால் தீப்பிடிக்கும். இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

முள் சொல்லும் உண்மை

மாட்டி முடித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பரீட்சை பாக்கி இருக்கிறது.

முதல் கட்டத்திலிருந்து வரும் ஹோஸில் ஒரு அழுத்தமானியைச் செருகிச் சிலிண்டரைத் திறப்பார்கள். முள் ஒன்பதரைக்குப் போய் அங்கேயே நிற்கவேண்டும். ஒரு மூச்சு இழுத்தால் கொஞ்சம் இறங்கி, விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வரவேண்டும். ஒன்பதரை, பத்து, பத்தரை என்று முள் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் சீட் மூடவில்லை என்று அர்த்தம். உடனே பார்த்தால் தெரியாது. சில நிமிஷம் கண் எடுக்காமல் பார்த்தால்தான் தெரியும். பிறகு முழுவதையும் தண்ணீரில் முக்கி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பிரிங் அறைத் துளையிலிருந்து குமிழி வந்தால், பிஸ்டனின் வளையம் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு வேறு பரீட்சை. இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, தண்ணீர் ஓர் அங்குலம் மட்டும் ஏறுகிற அளவுக்கு மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள். நன்றாகச் சரிசெய்த ரெகுலேட்டர் அந்தச் சின்ன இழுப்புக்கே காற்றைத் தரும். அதைவிட லேசாக வைத்தால் இழுக்காமலே சீறும். இறுக்கினால் ஒவ்வொரு மூச்சும் ஒரு வேலையாகிவிடும். தரையில் அது தெரியாது. 30 மீட்டர் ஆழத்தில், மேலே செலவழிப்பதைப் போல நான்கு மடங்கு காற்றை இழுக்கும்போது தெரியும்.

109-ன் பக்கவாட்டுத் திருகுக்கும் ஒரு உபயோகம் சொல்கிறேன். எடுத்துவைக்கும்போது அதைத் தளர்த்தி வைத்தால் ரப்பர் சீட்டின் மேல் அழுத்தம் குறையும். இல்லையென்றால் மாதக்கணக்கில் அழுந்தி அழுந்தி, சீட்டில் வட்டமாகத் தடம் விழுந்துவிடும்.

இதை வடிவமைத்தவர்களின் ஒரு நல்ல யோசனையையும் சொல்லவேண்டும். பெரும்பாலான ரெகுலேட்டர்கள் கெட்டுப்போனால் அடைத்துக்கொள்வதில்லை, திறந்துகொள்கின்றன. முதல் கட்டம் மூடாமல் அழுத்தம் ஏறினால், இரண்டாம் கட்டத்தின் வால்வை அந்த அழுத்தமே தள்ளித் திறந்துவிடும். காற்று விரயமாகக் கொட்டும். சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். ஆனாலும் மேலே வருவதற்குள் மூச்சு விட ஏதோ இருக்கும். இந்தக் காலத்து டைவர்கள் இன்னொரு இரண்டாம் கட்டத்தையும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், பக்கத்தில் தொங்கவிட்டுக்கொள்வது தனக்கோ கூட வருபவருக்கோ ஆபத்தில் உதவத்தான்.

யார் கையில் ஸ்பேனர்?

இதில்தான் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. பல நிறுவனங்கள் ரெகுலேட்டர் உறுப்புகளைப் பொதுமக்களுக்கு விற்பதில்லை. தாங்கள் பயிற்சி கொடுத்த மெக்கானிக்குகளுக்கு மட்டுமே தருகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட பொருள், கண்டவர்கள் பிரித்தால் பழி யார்மேல் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது.

பிரியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 'என் மூச்சு, என் ரெகுலேட்டர். என்னைவிட அக்கறையாக யார் பார்ப்பார்கள்? பத்து வருஷம் கழித்து அந்த மாடலுக்கு உறுப்பு தருவதை நீங்களே நிறுத்திவிட்டால், நன்றாக இருக்கும் பித்தளையைக் குப்பையில் போடச் சொல்கிறீர்களா?'

சங்கதி என்னவென்றால், ஓ-ரிங் ஒரு பிரச்சினையே இல்லை. அவற்றுக்குப் பொதுவான அளவு எண்கள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் வளையமானாலும் அளவும் ரப்பரின் ரகமும் கடினமும் சரியாக இருந்தால் பொருந்தும். சீட்டும் டயாஃப்ரமும் அப்படி இல்லை. அவை மாடலுக்கு மாடல் வேறு. அந்த மூன்று நான்கு சின்ன உருப்படிகள் கிடைக்கும்வரைதான் ஒரு ரெகுலேட்டருக்கு உயிர். அவை நின்றுபோன மாடல்களுக்கு அமெரிக்காவில் சிறு பட்டறைக்காரர்கள் சிலிக்கோனில் புது டயாஃப்ரம் வார்க்கிறார்கள், இரட்டைக்குழாய் ரெகுலேட்டர்களுக்குப் புதுக் குழாய்கூடச் செய்கிறார்கள். அறுபது வருஷத்துப் பழைய கருவிகள் இன்று தண்ணீரில் இறங்குவது அவர்கள் புண்ணியத்தில்தான். அதே சமயம், அளவு சரியாக இருந்து கடினம் தப்பாக இருக்கும் போலி சீட்டும் சந்தையில் வரலாம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, முள்தான் காட்டிக்கொடுக்கும்.

என் கட்சியைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சொந்தமாகப் பிரிக்கும் உரிமை வேண்டும். ஆனால் அந்த உரிமை ஸ்பேனரோடு வருவதில்லை, அழுத்தமானியோடு வருகிறது. பிரித்து மாட்டத் தெரிந்தவர் பாதி மெக்கானிக். மாட்டியது சரியா என்று சோதித்து, சரியில்லை என்றால் 'இதை இனி அலமாரியில் வைப்போம்' என்று சொல்லத் துணிகிறவர்தான் முழு மெக்கானிக். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரை எடுக்கவேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டுமானால், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அனுபவசாலிகளும் சரிசெய்த ரெகுலேட்டரை முதலில் நீச்சல்குளத்தில், துணையோடுதான் சோதிக்கிறார்கள்.

அலமாரியே சரியான இடம் என்றாகிவிடும் கருவிகளும் உண்டு. உடம்பில் வெடிப்பு விட்டவை, விளிம்பு அரித்துப்போனவை, சீட்டே கிடைக்காதவை. இன்னொன்று, எவ்வளவு நன்றாகப் புதுப்பித்தாலும் பழைய வடிவமைப்பின் குறை மாறாது. ஆரம்பகால இரட்டைக்குழாய் ரெகுலேட்டர் பலவற்றில், எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் அழுத்தமானியை மாட்ட இடமே கிடையாது. அந்தக் காலத்தில் மூச்சு இறுக ஆரம்பித்ததும் சிலிண்டரில் இருக்கும் கம்பியை இழுத்து, ஒதுக்கி வைத்த காற்றைத் திறந்துகொண்டு மேலே வருவார்கள். கம்பி ஏற்கெனவே எங்காவது மாட்டி இழுபட்டிருந்தால்? அவ்வளவுதான். அப்பாவின் ரெகுலேட்டரை வைத்திருக்கும் மகனோ மகளோ இதையும் எடை போடவேண்டும். அதைப் போட்டுக்கொண்டு இறங்குவதுதான் மரியாதை என்றில்லை. சுத்தம் செய்து வரவேற்பறையில் வைப்பதும் மரியாதைதான்.

உங்களுக்கு மூன்று வேலை

நமக்கும் ரெகுலேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அடுத்த லீவில் பிள்ளைகள் 'ஸ்கூபா பண்ணணும்' என்று கேட்கலாம். அப்போது தண்ணீரில் இறங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, வாயில் கடிக்கும் ரப்பரை விரித்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் வேறு கேளுங்கள். அதை மாற்றாதவர் உள்ளே இருப்பதை மாற்றியிருப்பாரா என்று யோசியுங்கள்.

இரண்டு, கரையிலேயே ஐந்தாறு முறை நன்றாக மூச்சு இழுத்து, அப்போது சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்கவேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் சிலிண்டர் சரியாகத் திறக்கவில்லை, அல்லது உள்ளே வடிகட்டி அடைத்திருக்கிறது. இறங்காதீர்கள்.

மூன்று, 'இதைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல டைவிங் நிலையத்தில் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். தேதி சொல்வார்கள்.

கடல் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சமையலறைக்குப் போய், கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் இணைக்கும் ஹோஸில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அதுவும் ரப்பர்தான்.

அடுத்த வாரம்: பாட்டி காலத்துத் தையல் மெஷினில் நூல் ஏன் அடிக்கடி அறுகிறது?